அளந்து போட்ட சோறு

எங்கள் மெஸ்ஸில் தினமும் எவ்வளவு அரிசி வேகிறது என்று யாராவது கேட்டால், என் வீட்டுக்காரர் அடுப்பின் மேலிருக்கும் அண்டாவைக் காட்டி, "அதுகிட்டக் கேளுங்க" என்பார். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் கடை. ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் இந்தச் சந்துக்குள் நுழைவது அபூர்வம். பஸ் டிரைவர்கள், கண்டக்டர்கள், லாட்ஜுகளில் அறை துடைக்கிற பெண்கள், எஸ்டேட்டுகளிலிருந்து பஜாருக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள், இவர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. காலையில் இட்லி, தோசை. மதியம் சாப்பாடு. மாலையோடு கடை மூடிவிடும்.

கல்யாணமாகிச் சேலத்திலிருந்து மலையேறி வந்த நாள் முதல் எனக்கு இந்த அடுப்படிதான். நின்றுகொண்டே சமைப்பேன், நின்றுகொண்டே பரிமாறுவேன். கடைசி ஆள் கைகழுவிப் போன பிறகு, அண்டாவின் அடியில் மிஞ்சிய சோற்றைத் தட்டு நிறையப் போட்டு, மிஞ்சிய குழம்பை ஊற்றி, மளமளவென்று சாப்பிட்டு முடிப்பேன். பசி அப்படி. சோறு சாப்பிட்டால்தான் சாப்பிட்டது மாதிரி இருக்கும். மற்றதெல்லாம் எனக்குப் பலகாரம்.

அப்படிப்பட்ட எனக்குச் சர்க்கரை வந்தது. அப்பளம் பொரிக்கும்போது முன்கையில் எண்ணெய் தெறித்து ஒரு புண். அடுப்படியில் இருப்பவளுக்கு அதெல்லாம் ஒரு புண்ணா என்று மஞ்சளைத் தடவிவிட்டு வேலையைப் பார்த்தேன். அது ஆறவே இல்லை. காய்வது போலிருக்கும், மறுபடியும் நீர் கோத்துக்கொள்ளும். தாகமும் அதிகமாகியிருந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்தவர் என் வீட்டுக்காரர்தான். அவர் பேச்சே அளவுதான். ஒரு நாள் காலை இட்லி வியாபாரம் முடிந்ததும் கடைக் கதவைச் சாத்தி, "செருப்பப் போடு புள்ள" என்று மட்டும் சொல்லி என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப் போனார்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் சர்க்கரை அதிகமாக இருக்கிறது என்றார். இரண்டு விதமான மாத்திரை கொடுத்தார். காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் எது, பின்னால் எது என்று சொன்னார். "அரிசியக் கொறைங்க" என்றார். எனக்குப் பின்னால் நீளமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

குறையுங்கள் என்று அவர் சொன்னது, வீட்டுக்கு வந்து சேருவதற்குள் என் மனதில் விடுங்கள் என்று ஆகிவிட்டது. பயம்தான் காரணம். சேலத்தில் என் அக்கா வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் ஒரு கால் விரலை எடுத்திருந்தார்கள். அந்தக் கட்டுப்போட்ட காலைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். அன்றைக்கே சோற்றை நிறுத்தினேன். அதன் பிறகு கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ராத்திரிக்குச் சப்பாத்தி தின்றால் சர்க்கரை ஏறாது என்றார் காய்கறி போடுகிறவர். ராகிக் களி தின்றால் இருக்கிற சர்க்கரையும் இறங்கிவிடும் என்றார் லாட்ஜில் வேலை செய்யும் அம்மாள் ஒருவர். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், எல்லாம் குடித்துப் பார்த்தேன்.

சோறு வடிக்கிறவள் சோறு தின்னாமலிருப்பது என்ன கஷ்டம் என்று அனுபவித்தால்தான் தெரியும். கஞ்சி வடிக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கும். அந்த வாசனைக்கே வயிறு இரையும். முன்பெல்லாம் குழம்பில் உப்புப் பார்க்க ஒரு பிடி சோற்றில் ஊற்றித்தான் பார்ப்பேன். அந்த வேலையையும் வீட்டுக்காரரிடம் விட்டேன். அவர் எதைக் கொடுத்தாலும் சரியாக இருக்கிறது என்பவர். குழம்பு கொஞ்ச நாள் உப்புக் கரித்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர்களின் பொறுமையை இப்போது நினைத்தாலும் மனம் இளகுகிறது.

சோற்றை விட்டேனே தவிர மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு தம்ளர் மோர் குடிப்பேன். சில நாள் அரைச் சப்பாத்தி. பிறகு பழையபடி கடைசி ஆள் போகும்வரை நின்றுகொண்டே வேலை. இடையில் தலை லேசாகச் சுற்றினால், சர்க்கரை ஏறியிருக்கிறது போல என்று நினைத்து, மதியத்துக்கு வைத்திருந்ததையும் குறைத்துக்கொள்வேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தை நாள். மார்கழிப் பனி பகலிலும் விலகாமல் சந்துக்குள் இறங்கி நின்றது. பெஞ்சு நிறைய ஆட்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. ரசம் கேட்ட ஒரு கண்டக்டரிடம் எதற்கோ சள்ளென்று விழுந்தேனாம். எனக்கு நினைவில்லை. நினைவிலிருப்பது ஒன்றுதான்: சோறே போடாத வெறும் இலையில் சாம்பாரை ஊற்றிக்கொண்டிருக்கிறேன், அது இலையிலிருந்து வழிந்து மேசையில் ஓடுகிறது, அதில் ஏதோ தவறு இருப்பது தெரிகிறது, என்ன தவறு என்று தெரியவில்லை.

மலைப் பாதையில் பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல வருஷமாக எங்களிடம் சாப்பிடுகிறவர். ஆள் வாட்டசாட்டமானவர், ஆனால் சோறு போட்டதும் பாதியை எடுத்துவிடச் சொல்லிக் கையைக் குறுக்கே வைப்பார். எங்கள் கடைச் சோறு அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவர் எச்சில் கையோடு எழுந்து வந்து, இடது கையால் என் தோளைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார். வாளியை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

"மாத்திர போட்டியா தங்கச்சி? காலைல என்ன சாப்ட்டே?" என்று கேட்டார். மோர் என்று சொன்னதாக ஞாபகம்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் கலக்கிக் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்காரர் தயங்கி நின்றார். சர்க்கரை நோய்க்காரிக்குச் சர்க்கரையா என்று அவருக்குக் குழப்பம்.

"ஏனுங்க, இப்ப இவங்க ரத்தத்துல சக்கரை பத்தாமத்தாங்க இப்பிடி ஆவுது. எனக்கும் ஆயிருக்குது. யோசிக்காதீங்க, குடுங்க."

அந்தத் தம்ளரை என் வாயில் வைத்துப் பிடித்தவர் என் வீட்டுக்காரர். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சத்தங்கள் திரும்பி வந்தன. பஸ் ஹாரன், யாரோ அப்பளம் நொறுக்குவது, தம்ளர் உருளுவது. அதற்குப் பிறகு முகங்கள். மேலே போர்த்தியிருந்த ஈரத்துணியை யாரோ எடுத்துப் போட்டால் எப்படி, அப்படி ஒரு பாரம் உடம்பை விட்டு இறங்கியது.

டிரைவர் கைகழுவப் போகவில்லை. சோறு காய்ந்த கையோடு அங்கேயே நின்றார். இதோடு விட்டால் மறுபடி இறங்கிவிடும், ஏதாவது சாப்பிட வையுங்கள் என்றார். காலையில் மிஞ்சிய இட்லி இரண்டு இருந்தது. அதைச் சாம்பாரில் பிசைந்து கொடுத்தார்கள். வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, என் வாழ்க்கையில் முதன்முறையாக, என் கடையில் வேளையோடு சாப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், நான் திட்டிய அந்தக் கண்டக்டர் ரச வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாக ஊற்றிக்கொண்டு போகிறார். லாட்ஜில் வேலை செய்யும் அம்மாள் சோற்றுக் கூடையை எடுத்திருந்தார். அந்தப் பந்தி முடியும்வரை என்னை எழுந்திருக்க விடவில்லை.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நடந்ததைக் கேட்டு ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டு, பக்கத்து அறையில் சர்க்கரைக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டரிடம் அனுப்பினார். தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் சோற்றை விட்ட கதையைப் பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"அக்கா, சோத்த உடச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

டாக்டர்தான் என்றேன்.

"கொறைக்கச் சொல்லியிருப்பாருங்க. நீங்க பயத்துல உட்டுப்போட்டீங்க. மாத்திரை உள்ள போயி வேல செய்யுதுங்க. அதுக்கு நீங்க ஒண்ணும் குடுக்கலீன்னா, இருக்கறதையும் எடுத்துப்போடும். அதான் நேத்து அப்பிடி ஆச்சு."

அவ்வளவு நாளாக எனக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் காது கேட்டிருக்குமா என்பது வேறு விஷயம். எங்கள் மெஸ் சாப்பாட்டையே அடுத்த முறை கேரியரில் எடுத்து வரச் சொன்னாள். எடுத்துப் போனோம். கேரியர் மூடியைத் திருப்பிப் போட்டு அதிலேயே பரிமாறிக் காட்டினாள். மூடியில் பாதி இடத்துக்குக் கீரையும் பொரியலும். மிச்சத்தில் ஒரு பக்கம் கெட்டிப் பருப்பும் முட்டையும். இன்னொரு பக்கம் சோறு. பார்த்தால் குழந்தைக்கு வைத்தது போலிருந்தது. என் வீட்டுக்காரர் அந்தச் சோற்றையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்படியென்றால் களியை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். களியும் மாவுதான், சப்பாத்தியும் மாவுதான், உள்ளே போனால் எல்லாம் சர்க்கரையாகத்தான் மாறும் என்றாள். எவ்வளவு சாப்பிடுகிறோம், கூட என்ன சாப்பிடுகிறோம், எந்த நேரத்தில் சாப்பிடுகிறோம், இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் சோற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றாள். "சோறு உங்களுக்கு எதிரி இல்லீங்கக்கா" என்று அவள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோற்றுக்காக ஒருத்தி அழுவாளா என்று கேட்கலாம். நான் அழுதேன்.

களி விஷயத்தை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. களி தின்று வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி அனுப்பினாள். ஊசி என்றால் எனக்குக் கை பின்னால் போய்விடும். வீட்டுக்காரர்தான் என் விரலைப் பிடித்துக் குத்துவார். குத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் விரலைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்குவார். மலைக் குளிரில் விரல் விறைத்திருந்தால் ரத்தம் வராது என்று அவராகவே கண்டுபிடித்த வழி.

கருவி கைக்கு வந்த பிறகு அந்தப் பேசாத மனிதருக்குள் இப்படி ஒரு ஆர்வம் இருந்ததா என்று நானே ஆச்சரியப்பட்டேன். முதலில் களியைச் சோதித்தோம். இரண்டு பெரிய உருண்டை, கீரைக் குழம்பு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் இருநூற்றைம்பதைத் தாண்டி நின்றது. கருவி கெட்டுப்போய்விட்டது என்று சண்டை பிடித்தேன். மறுநாள் அதே கீரைக் குழம்புக்கு ஒரே ஒரு சின்ன உருண்டை, கூட ஒரு கிண்ணம் அவித்த மொச்சை. எண் வெகுவாக இறங்கியிருந்தது. கருவி சரியாகத்தான் இருக்கிறது என்றார் அவர்.

இப்படி எங்கள் கடையின் ஒவ்வொரு பலகாரத்தையும் என் விரலை வைத்துப் பரீட்சை பார்த்தோம். தேங்காய்ச் சட்னியோடு நாலு இட்லி சாப்பிட்டதற்கும், காய் நிறையப் போட்ட சாம்பாரோடு இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் சாப்பிட்டதற்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. சோற்றை முதலில் சாப்பிடாமல், பொரியலையும் கொள்ளுப் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் ஏற்றம் குறைந்தது. சாப்பிட்டதும் பஜார் மேட்டில் ஒரு நடை ஏறி இறங்கினால் இன்னும் குறைந்தது. தலைச்சோலையிலிருந்து சந்தைக்கு வரும் ஒரு அம்மாள் பட்டர் ஃப்ரூட் கொண்டு வந்து தருவார். ஊருக்கு வருகிறவர்கள் அதைப் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் குடிப்பார்கள். நான் வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சை போட்டுப் பிசைந்தேன். சர்க்கரை அசையவே இல்லை. சட்னி மாதிரியும் இல்லாமல் பொரியல் மாதிரியும் இல்லாமல் என்ன இது என்று என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். இப்போது அந்தப் பழம் வரும் காலத்தில் அவருக்கு அது இல்லாமல் தோசை இறங்காது.

எல்லா நாளும் கணக்கு ஒத்துவரவில்லை. அதே சோறு, அதே கீரை, அதே நடை, ஆனாலும் ஒரு நாள் எண் எகிறிவிடும். காய்ச்சல் வந்தபோது ஏறியது. மகளிடமிருந்து போன் வராத நாளில் ஏறியது. அப்போதெல்லாம் நான் மனம் உடைந்து, எல்லாவற்றையும் மறுபடி விட்டுவிடுகிறேன் என்பேன். சிஸ்டரிடம் சொன்னால், ஒரு நாளைப் பார்க்காதீர்கள், மூன்று மாதத்தைப் பாருங்கள் என்பாள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையில் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் வந்தது. முன்கைப் புண் ஆறித் தழும்பானது.

அளவும் துணையும் பிடிபட்டன. நேரம்தான் பிடிபடவில்லை. சோற்றுக்கடைக்காரி மதியம் வேளையோடு சாப்பிடுவது எப்படி? பந்தி நடக்கும் நேரத்தில் நான் உட்கார்ந்தால் யார் பரிமாறுவது? வந்தவர்கள் பசியோடு இருக்கும்போது நாம் முதலில் கை நனைப்பதா? அது என் வளர்ப்பிலேயே இல்லாத காரியம். சிஸ்டர் எத்தனையோ தடவை சொல்லியும் இது மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

ஒரு நாள் சோறு வடித்து முடித்த கையோடு, வீட்டுக்காரர் மூலை மேசையில் இரண்டு இலையைப் போட்டார். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "நீயும் நானுந்தான்" என்றார். அவருக்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் என் இலையில் எதை எவ்வளவு வைத்தாரோ அதையேதான் தன் இலையிலும் வைத்துக்கொண்டார். பொரியல், பருப்பு, முட்டை, குழம்புக் கரண்டியால் அளந்து சோறு. நாங்கள் சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர், பஜாருக்கு வந்தவர், பசியோடு உள்ளே நுழைந்தார். நான் பதறி எழப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். பிறகு அவரைப் பார்த்து, "உக்காருங்க சார். ஊட்ல சாப்புட்டுட்டு இருக்கறாங்க. முடிச்சிட்டு வந்து உங்களுக்குப் போடுவாங்க" என்றார்.

ரைட்டர் மிக இயல்பாகத் தலையாட்டிவிட்டு, தண்ணீர் எடுத்துக் குடித்து, செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு மனிதர் எனக்காகக் காத்திருந்தார். எத்தனையோ ஆயிரம் பேருக்குப் பரிமாறியிருக்கிறேன், எனக்காக ஒருவர் பசியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். அந்தச் சோற்றில் குழம்பு என்ன என்பது ஞாபகமில்லை. மெதுவாக மென்று சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தெரிந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, அக்கா சாப்பிடுகிறார்கள் என்றால் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த டிரைவர் தன் இலைக்கும் இதே முறைதான் வேண்டும் என்று கேட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். எங்கள் கடையில் சர்க்கரைக்காரர்கள் இத்தனை பேர் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குச் சோறு பாதி, பொரியல் இரண்டு மடங்கு. கீரையும் கொள்ளும் தினமும் உண்டு. காய்கறி போடுகிறவர், அக்கா கடைக்குக் கீரை கட்டி மாளவில்லை என்று இப்போது அலுத்துக்கொள்கிறார்.

மகளுக்கு ஆத்தூர்ப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தார். நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில். காலையிலிருந்தே எனக்கு உள்ளுக்குள் ஒரு கலக்கம். தட்டு மாற்றியதும் சம்பந்திகள் ஒருவர் வாயில் ஒருவர் இனிப்பை ஊட்டுவது வழக்கம். அதுவும் அவர்கள் கொண்டு வந்தது நெய் சொட்டும் பெரிய லட்டு. வேண்டாம் என்றால் சகுனத் தடை என்பார்கள். தின்றால் வெறும் வயிற்றில் அது நேராக ஏறும். பெண்ணின் அம்மாவுக்கு நோய் என்று முதல் நாளே ஊர் முழுக்கத் தெரிய வேண்டுமா என்றும் ஒரு கூச்சம்.

தட்டு மாற்றி முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா லட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். வாய்க்கு அருகில் கொண்டு வந்தவர், படம் எடுக்கிறவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மெல்லிய குரலில், "சம்பந்தி, எனக்கு நொம்ப நாளாச் சக்கரைங்க. இத ஒரு கிள்ளு மட்டும் வாயில போட்டுக்கறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்குந்தானுங்க" என்றேன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரே ஒரு பூந்தி மணியைக் கிள்ளி அவர் எனக்கு ஊட்டினார், நான் அவருக்கு ஊட்டினேன். மிச்ச லட்டு தட்டுக்குப் போனது. விருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் கையும் நேராக அவரைக்காய்ப் பொரியலுக்குத்தான் போனது. சோற்றுக்கு வந்தபோது இரண்டு இலைக்கும் ஒரே அளவு. எல்லாம் முடிந்த பிறகு, குறைத்த சோற்றுக்குப் பதிலாக என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ஆளுக்கு அரைக் கரண்டி பால் பாயசம் வாங்கிக்கொண்டோம். பிறகு ஏரிப் பக்கம் ஒரு நடை போய் வரலாமா என்று அவரே கேட்டார்.

பட்டுப் புடவையோடு இருவரும் படகுத்துறைவரை நடந்தோம். என்ன மாத்திரை, எப்போது போடுகிறீர்கள், கால் எரிச்சல் உண்டா என்று வழியெல்லாம் அதே பேச்சு. திரும்பி வந்தால் வாசலில் மகள் வெளிறிப்போன முகத்தோடு நிற்கிறாள். இரண்டு அம்மாக்களும் தனியாகப் போய்ச் சண்டை போடுகிறார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கும் என் சம்பந்தி வாரம் ஒரு தடவை போன் செய்கிறார். மகளைப் பற்றி அரை நிமிடம் பேசுவோம், மிச்ச நேரம் சர்க்கரையைப் பற்றி.

போன பங்குனியில் சிஸ்டர் சொன்னபடி கண் பரிசோதனைக்குச் சேலத்துக்குப் போனோம். சர்க்கரை கண்ணின் உள்ளே நரம்பைத் தொட்டிருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். என்ன சொல்லப் போகிறார்களோ என்றிருந்தது. விளக்கை வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்த டாக்டரம்மா, கண் சுத்தமாக இருக்கிறது, இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்தால் சேலத்து வெயில் கண்ணில் ஊசியாகக் குத்தியது. மருந்தின் வேலை, சாயங்காலம் சரியாகிவிடும் என்றார்கள். புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்து பஸ் ஏற்றினார்.

அடிவாரம் தாண்டி வளைவுகளில் பஸ் ஏற ஆரம்பித்தது. காற்று மாறியது. மேலே ஏறியதும் ஜன்னல் வழியாக ஒரு வாசனை வந்தது. இரண்டு நாள் முன்பு மழை பெய்திருந்தது.

"காப்பி பூத்திருக்குதுங்களா?" என்று தலைப்புக்குள்ளிருந்து கேட்டேன்.

பூத்திருக்கிறது என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். இரண்டு பக்கமும் என்றார். எவ்வளவு தூரத்துக்கு என்றேன். இப்படிக் கேள்வி கேட்டால் வழக்கமாகப் பேச்சை முடித்துவிடுகிறவர், அன்றைக்குத் தடுப்புச்சுவர் ஓரத்துச் செடியிலிருந்து மேலே சில்வர் ஓக் மரங்களுக்குள் மறையும் வரிசைவரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கிளை தெரியாமல் வெள்ளையாக இருக்கிறதாம். நாளைக்கு நல்ல கண்ணோடு இங்கே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கலாம், கண் இருக்கிறது.

பேச்சை நிறுத்தி அவர் பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. டப்பா மூடியைக் கழற்றி என் மடியில் வைத்து, "நேரமாச்சு புள்ள, சாப்புடு" என்றார். தயிர் சாதமும் அவித்த பயறும். கண்ணைத் திறக்காமல், கை எதைத் தொடுகிறதோ அதைச் சாப்பிட்டேன்.